கிளைக் கூட்டத்திலிருந்து தீர்ப்பாயம் வரை

கட்சியின் கிளைச் செயலாளர் பதவிக்கு நான் மனு கொடுத்த வாரமே, என் முகத்தை வேறொரு உடம்பில் ஒட்டிய படம் மலேசியாவில், பினாங்கின் பட்டர்வொர்த் வட்டார வாட்ஸ்அப் குழுக்களில் சுற்ற ஆரம்பித்தது. படம் கிளம்பிய இடம் ஒரு போலி ஃபேஸ்புக் கணக்கு. அதைத் தொடர்ந்து எங்கள் தொகுதிக் குழுவில் ஒருவர் சொந்த நம்பரிலிருந்தே குரல் பதிவு போட்டார். பதவிக்காக நான் யார் யாரோடு போனேன் என்று பட்டியல். மகளிர் பிரிவு அக்காமார்கள் தனியாக மெசேஜ் போட்டு ஆறுதல் சொன்னார்கள். குழுவில் யாரும் வாயைத் திறக்கவில்லை.

தொகுதியில் மூத்தவர் ஒருவர் கூப்பிட்டார். "தங்கச்சி, அரசியல்னா இப்படித்தான். போலீசுக்குப் போனா கட்சிப் பேருதான் கெடும்." 2020 ஜூலையில் நாடாளுமன்றத்துக்குள்ளேயே அப்போதைய பத்து கவான் எம்.பி. கஸ்தூரி பட்டுவைப் பார்த்து, இருட்டாக இருக்கிறது, பவுடர் போடுங்கள் என்று இன்னொரு உறுப்பினர் கிண்டல் செய்தார். அவையிலேயே அப்படி என்றால், கிளைக் கூட்டத்தில் நான் எந்த மூலை? 2022 பொதுத் தேர்தலில் 222 இடங்களில் ஜெயித்த பெண்கள் 30 பேர்தான். ஏன் இவ்வளவு குறைவு என்று மேடையில் கேட்பவர்களே மறுநாள் போன் போட்டு "விட்டுடும்மா" என்கிறார்கள்.

ஒழுங்குக் குழுவுக்கு ஒரு கடிதம் கொடுத்துவிட்டு நான் போனது டபிள்யு.சி.சி.க்கு. 1985-இலிருந்து பினாங்கில் இயங்கும் பெண்கள் அமைப்பு; ஆலோசனைக்குக் காசு வாங்குவதில்லை. போலி கணக்கையும் குரல் பதிவையும் ஒரே புகாரில் கட்டாதே என்று அங்கேதான் சொன்னார்கள். யாரென்றே தெரியாத கணக்கைத் தேடிப் பிடிப்பது போலீஸ் வேலை. படத்தை எடுக்கச் சொல்லி ஃபேஸ்புக்கிலும், தொடர்பு பல்லூடக ஆணையமான எம்.சி.எம்.சி.யிலும் புகார் செய்யலாம். பேர் தெரிந்த ஆளைப் பாலியல் தொல்லை தடுப்புத் தீர்ப்பாயத்துக்கே இழுக்கலாம்.

முதல் வேலை ஆதாரம். ஸ்கிரீன்ஷாட் மட்டும் போதாது. நம் போனில் பெயர் சேமித்திருந்தால் படத்தில் பெயர்தான் வரும், நம்பர் வராது. அதனால் அந்த ஆளின் நம்பர் தெரியும் பக்கம், குழுவின் பெயர், தேதி எல்லாவற்றையும் தனித்தனியாக எடுத்தேன். ஃபேஸ்புக் பதிவின் முழு லிங்க்கையும் எழுதி வைத்துக்கொண்டேன். நல்லவேளை எழுதி வைத்தேன், இரண்டே நாளில் அந்தப் பதிவு காணாமல் போனது.

போலீஸ் நிலையக் கௌண்டரில் இருந்த இளைஞர் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார், பக்கத்தில் இருந்தவரையும் கூப்பிட்டார். பெண் அதிகாரி வேண்டும் என்று சொன்னேன். கொஞ்சம் காத்திருந்தேன், வந்தார். அந்த நீளமான லிங்க்கை ஒவ்வோர் எழுத்தாக அவர் தட்டினார். பூஜ்யத்துக்குப் பதில் 'ஓ' விழுந்திருந்ததைத் திரையில் பார்த்துச் சொன்னேன், திருத்தினார். மலாயில் அடித்த ரிப்போர்ட்டை முழுக்கப் படித்த பிறகே கையெழுத்துப் போடுங்கள். பின்னால் கூட்டம் நின்றாலும் பரவாயில்லை. அப்புறம் விசாரணை அதிகாரி கூப்பிட்டு, குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 112-ஆம் பிரிவின் கீழ் வாக்குமூலம் எடுத்தார். மானத்தை இழிவுபடுத்துவதற்குத் தண்டனைச் சட்டம் 509, ஆபாசமாகவோ தொல்லை தரும்படியோ இணையத்தில் போடுவதற்குத் தொடர்பு பல்லூடகச் சட்டம் 233 என்று இரண்டு பிரிவுகளைச் சொன்னார். 233-க்கு 2025 பிப்ரவரியிலிருந்து அபராதம் 5 லட்சம் வெள்ளி (ரிங்கிட்) வரை, சிறை 2 ஆண்டு வரை. சட்டம் கடுமைதான், ஃபைல்தான் மெதுவாக நகர்கிறது.

தீர்ப்பாயம் வேறு மாதிரி. 2022-இல் வந்த சட்டம், 2024 மார்ச்சில்தான் தீர்ப்பாயம் வேலையைத் தொடங்கியது. மூடிய அறையில் விசாரணை. பொதுவாக வக்கீல் வைக்க முடியாது, எதிர்த்தரப்புக்கும் கிடையாது. மேடையில் மைக்கை விடாத மனிதர், தன் குரல் பதிவை அந்த அறையில் ஓடவிட்டபோது மேசையையே பார்த்துக்கொண்டிருந்தார். "சும்மா தமாஷுக்கு" என்றார். யாருக்குத் தமாஷ் என்று கேட்டார்கள். பதில் இல்லை.

இரண்டரை லட்சம் வெள்ளி வரை இழப்பீடு கேட்க இடமுண்டு. நான் பெரிதாகக் கேட்டது மன்னிப்பைத்தான், அதுவும் அதே குழுவில். உத்தரவு அப்படியே வந்தது, கூடவே ஒரு சிறு தொகையும். எல்லோரும் தூங்கிய பிறகு, நள்ளிரவு தாண்டி, மன்னிப்பைப் போட்டார். காலையில் அதையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொண்டேன்.

போலி கணக்கு விவகாரம் இன்னும் விசாரணையில்தான் இருக்கிறது; அவ்வப்போது அதிகாரிக்குப் போன் செய்கிறேன். ஒழுங்குக் குழுவிடமிருந்து இதுவரை ஒரு வரி பதில் இல்லை. போன வாரம் நினைவூட்டல் கடிதம் அனுப்பினேன், இந்த முறை கிளைச் செயலாளர் முத்திரையோடு.