கோட்டையில் இறங்கி நடக்கிறேன்

போன மார்ச் மாதம் ரத்தப் பரிசோதனையில், சராசரிச் சர்க்கரை அளவைக் காட்டும் எச்பிஏ1சி 6.1 சதவீதம் என்று வந்தது. 5.7-ஐத் தொட்டாலே சர்க்கரை நோயின் வாசலுக்கு வந்துவிட்டோம் என்று அர்த்தம். 6.5 ஆனால் உள்ளே போயாயிற்று. என் அம்மாவுக்கு நாற்பத்தைந்து வயதில் சர்க்கரை வந்தது. எனக்கு இப்போது நாற்பத்து நான்கு. டாக்டர் மாத்திரை எழுதவில்லை. "தினமும் நடங்கம்மா, மூணு மாசம் கழிச்சுப் பார்ப்போம்" என்றார்.

எப்போது நடப்பது? வீடு குரோம்பேட்டையில், வேலை பாரிமுனையில், வங்கியில் கேஷ் கவுண்டர். காலை 4.45க்கு எழுந்தால் சமையல், மூன்று டிபன் பாக்ஸ், மாமியாருக்குக் கஞ்சி, 8.30 மின்சார ரயில். திரும்பி வர இரவு ஏழேகால். அப்புறம் இரவுச் சமையல், பாத்திரம், பிளஸ் டூ படிக்கும் பையன். இதில் ஒரு மணி நேரம் எங்கே ஒளிந்திருக்கிறது என்று இரண்டு வாரம் தேடினேன். நான்கு மணிக்கே எழுந்து தெருவில் நடந்தும் பார்த்தேன். ஐந்தாம் நாள் மதியம் நோட்டு எண்ணும்போது கண் சொருகியது. பணம் எண்ணுகிற வேலையில் அது ஆகாது. தூக்கத்தை வெட்டி எடுத்த நேரம் நிற்காது என்று அன்றைக்கே விட்டுவிட்டேன்.

வழியைத் திறந்துவிட்டது ஒரு சின்னத் தகவல்தான். உடல் உழைப்பு குறித்து உலக சுகாதார நிறுவனம் 2020இல் புதிய வழிகாட்டுதல்களை வெளியிட்டது. பெரியவர்களுக்கு வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்பு வேண்டும், வாரத்தில் இரண்டு நாளாவது தசைகளுக்கு வலு தரும் பயிற்சி வேண்டும். முன்பு, ஒரே மூச்சில் பத்து நிமிடமாவது செய்தால்தான் கணக்கு என்று ஒரு விதி இருந்தது. அதை எடுத்துவிட்டார்கள். ஐந்து நிமிடமும் கணக்கில் சேரும். இது தெரியாமல் எத்தனை வருடம் 'ஒரு மணி நேரம் கிடைக்கவில்லை' என்று சும்மா இருந்திருக்கிறேன்!

இன்னொன்றும் படித்தேன். 1953இல் ஜெரி மாரிஸ் என்ற மருத்துவரும் அவரது குழுவினரும் லண்டன் மாடிப் பேருந்து ஊழியர்களை ஆராய்ந்து எழுதியது. ஓட்டுநர் நாள் முழுக்க உட்கார்ந்திருப்பார். நடத்துநர் டிக்கெட் கொடுக்க மாடிக்கும் கீழுக்குமாக ஏறி இறங்கிக்கொண்டே இருப்பார். இதய நோய் நடத்துநர்களுக்குக் குறைவாக இருந்தது. எங்கள் கிளையில் வவுச்சர் கட்டுகளோடு மூன்று மாடி ஏறி இறங்கும் அலுவலக உதவியாளர் அண்ணனை நினைத்துக்கொண்டேன். நான் உட்கார்ந்திருப்பது ஓட்டுநர் இருக்கை.

அன்றிலிருந்து கடற்கரை நிலையம் வரை போவதில்லை. ஒரு நிலையம் முன்னாலேயே, கோட்டையில் இறங்கி, உயர் நீதிமன்றம் பக்கமாக நடந்து கிளைக்குப் போகிறேன். வேகமாக நடந்தால் பதினைந்து நிமிடம். கூட வருகிறவரோடு பேச முடிய வேண்டும், ஆனால் பாட முடியக் கூடாது, அதுதான் மிதமான வேகத்துக்கு அடையாளம். பையில் ஒரு ஜோடி கேன்வாஸ் ஷூ, செருப்பு கவுண்டருக்கு அடியில். ரயிலுக்குள்ளேயே ஷூ மாற்றிவிடுவேன். மாற்றிவிட்டால் நடக்காமல் இருக்கத் தோன்றாது.

குக்கர் மூன்று விசில் விடும்வரை சமையல் மேடையைப் பிடித்துச் சாய்ந்து தண்டால். முதலில் நான்கு எடுக்கவே கை நடுங்கியது, இப்போது பதினைந்து வரை வருகிறது. அப்புறம் நாற்காலியில் கையை ஊன்றாமல் உட்கார்ந்து எழுவது. இதெல்லாம் செவ்வாயும் வெள்ளியும் மட்டும்.

"வீட்டு வேலை செய்யறதே எக்சர்சைஸ்தானே" என்று என்னிடம் சொல்லாதவர்கள் இல்லை. கொஞ்சம் உண்மைதான், குனிந்து பெருக்குவதும் துடைப்பதும் அசைவுதான். என் பாட்டி கிணற்றில் நீர் இறைத்தாள், ஆட்டுக்கல்லில் மாவாட்டினாள். எனக்கு மாவை கிரைண்டர் அரைக்கிறது, துணியை மெஷின் துவைக்கிறது. எனக்கு மிச்சமிருப்பது அடுப்பு முன்னால் நிற்பது. நின்று நின்று கால் வீங்குகிறதே தவிர, மூச்சு வாங்குவதில்லை. பெண்களிடம் அந்த வார்த்தையைச் சொல்வது அவர்களுக்கு நேரம் தராமல் இருப்பதற்கான சாக்காகிவிடுகிறது. இதில் எனக்கு உண்மையாகவே கோபம் உண்டு.

காலை நடை, குக்கர் நேரப் பயிற்சி இரண்டுக்கும் அடுத்து, மூன்றாவது துண்டு நேரம்தான் கஷ்டப்பட்டு வாங்கியது. சாப்பிட்டபின் நடந்தால், ரத்தத்தில் ஏறும் சர்க்கரையைத் தொடைத் தசைகள் இழுத்துக்கொள்ளும். எனக்கு அதுதான் முக்கியம். ஆனால் இரவு சாப்பிட்டவுடன் பாத்திரம் காத்திருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த ரிப்போர்ட்டை சாப்பாட்டு மேஜையில் வைத்து, "ராத்திரிப் பாத்திரம் இனிமே நீங்க பார்த்துக்கணும், எனக்குப் பதினஞ்சு நிமிஷம் வேணும்" என்று கணவரிடம் கேட்டேன். பத்தொன்பது வருடத்தில் இப்படிக் கேட்டது முதல் தடவை. அவர் ரிப்போர்ட்டை இரண்டு தடவை படித்துவிட்டு, "சரி" என்றார். வேறு எதுவும் சொல்லவில்லை. அன்று இரவே எழுந்து போய்த் தேய்த்தார்.

மொட்டை மாடியில் பையனும் கூட வருகிறான். வீட்டுக்குள் ஒற்றை வார்த்தையில் பதில் சொல்பவன், இருட்டில் நடக்கும்போது நிறையப் பேசுகிறான். கெமிஸ்ட்ரி பயமாக இருக்கிறது என்று அங்கேதான் சொன்னான்.

காலைப் பதினைந்து நிமிடம் வாரத்துக்கு ஐந்து நாள், இரவுப் பதினைந்து ஆறு நாள். மொத்தம் 165 நிமிடம். ரத்தச் சிவப்பணுக்கள் ஏறக்குறைய 120 நாள் வாழ்வதால், எச்பிஏ1சி கடந்த இரண்டு மூன்று மாதத்தின் கதையைச் சொல்லும். அவசரப்பட்டு நடுவில் பரிசோதிக்கவில்லை. ஜூலையில் எடுத்தபோது 5.8.

இனி மழைக்காலம். கோட்டையிலிருந்து வரும் வழியில் தண்ணீர் தேங்கினால் என்ன செய்வது என்று அலுவலக உதவியாளர் அண்ணனிடம் கேட்டேன். "மூணு மாடி இருக்கேம்மா, காலையில வந்ததும் அஞ்சு தடவை என்னோட ஏறி இறங்குங்க" என்றார். நேற்று ஏறிப் பார்த்தேன். மூன்றாவது தடவையிலேயே பேச முடியவில்லை.