மறு ஆய்வு நாள்

சுகாதார ஆய்வாளராக நான் எழுதிய முதல் நோட்டீஸ் தவறானது. "தங்கள் வளாகத்தை உடனடியாகத் தூய்மைப்படுத்தவும்" என்று ஒரே வரியில் எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்துவிட்டு வந்தேன். பத்து நாள் கழித்துப் போய்ப் பார்த்தபோது வீட்டுக்காரர் வாசலைக் கழுவி, கேட்டுக்குப் புதிதாகப் பெயின்ட் அடித்து வைத்திருந்தார். புகாருக்குக் காரணமான பழைய டயர்கள் பின்சுவரை ஒட்டி அப்படியே கிடந்தன. ஒவ்வொன்றிலும் மழைநீர், நீரெல்லாம் கொசுப்புழு. "சுத்தம் செய்யச் சொன்னீர்கள், செய்துவிட்டேன் சார்" என்றார். அவர் ஏமாற்றவில்லை. என் நோட்டீஸில் டயர் என்ற சொல்லே இல்லை.

அன்றோடு எழுதும் முறையை மாற்றிக்கொண்டேன். எந்த இடம், எந்தப் பொருள், எத்தனை, எந்தத் தேதிக்குள், எந்த விதியின்படி, ஆட்சேபணை இருந்தால் யாரிடம் சொல்வது என்று எல்லாவற்றையும் எழுதுவேன். "பின்சுவரை ஒட்டிக் கிடக்கும் 11 டயர்கள்" என்றால் அதற்கு வேறு பொருள் சொல்ல யாராலும் முடியாது. அவகாசத்தையும் யோசித்துத்தான் கொடுக்க வேண்டும். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு, வெப்பமான நாட்களில் முட்டையிலிருந்து சிறகு முளைத்துப் பறக்க ஏறக்குறைய 7 முதல் 10 நாட்கள் போதும். அதன் முட்டைகளோ நீர் வற்றிய பிறகும் மாதக்கணக்கில் பாத்திரத்தின் உட்சுவரில் ஒட்டிக்கொண்டு பிழைத்திருக்கும். எனவே தேங்கிய நீருக்கு நான் அவகாசமே கொடுப்பதில்லை. என் கண்ணெதிரே கொட்டி, உட்புறத்தைத் தேய்த்துக் கழுவச் சொல்வேன். டயரை அப்புறப்படுத்துவதற்குத்தான் நாள் குறிப்பேன்.

எந்தப் புகாரை ஏற்பது என்பது இதைவிடக் கடினமானது. "அவருக்கு மூக்கு கொஞ்சம் அதிகம் சார்" என்று புகார் கொடுத்தவரைப் பற்றிச் சொல்லாத எதிர்த்தரப்பை நான் பார்த்ததில்லை. இங்கிலாந்தில் 1610இல் தீர்ப்பான ஆல்ட்ரெட் வழக்கிலும் இதே வாதம் வந்திருக்கிறது. பக்கத்து வீட்டுக்காரர் கட்டிய பன்றித் தொழுவத்தின் நாற்றம் தாங்கவில்லை என்று ஆல்ட்ரெட் நீதிமன்றத்துக்குப் போனார். பன்றி நாற்றத்தைக்கூடத் தாங்க முடியாத அளவுக்கு ஒருவருக்கு மென்மையான மூக்கு இருக்கலாகாது என்றது எதிர்த்தரப்பு. நீதிமன்றம் ஆல்ட்ரெட் பக்கம் நின்றது. நல்ல காற்று வாழ்வுக்குத் தேவை. ஆனால் அழகிய காட்சி மறைந்துவிட்டது என்பதற்காக மட்டும் வழக்குத் தொடுக்க முடியாது என்றும் அந்தத் தீர்ப்பு சொன்னது. இந்தப் பாகுபாடு எனக்குப் பெரிய துணை. பார்க்க நன்றாக இல்லை என்று வரும் புகாரில் பொறுமையாகப் பேசிப் பார்ப்பேன். நாற்றம், புழு, எலி, தீப்பிடிக்கும் ஆபத்து என்றால் அன்றே கிளம்பிவிடுவேன்.

பணியில் என்னை அதிகம் அலைக்கழித்தது பூட்டிக் கிடந்த ஒரு வீடு. பதிவேட்டில் உரிமையாளராக இருந்தவர் எப்போதோ இறந்துவிட்டார். அவர் பெயருக்கே நோட்டீஸ் போய்ப் போய்த் திரும்பிக்கொண்டிருந்தது. முற்றத்தில் ஆள் உயரப் புதர். அதற்குள் ஒரு பழைய பீங்கான் தொட்டி, நிறைய நீரோடு. மதில் தாழ்வாக இருந்ததால் தெருவே தன் குப்பைப் பைகளை உள்ளே வீசியது. வாரிசுகள் மூவர், இரண்டு அண்ணன் தம்பிகளும் ஒரு தங்கையும். சொத்து வழக்கு நடந்துகொண்டிருந்தது. மூவரையும் தனித்தனியே பார்த்துப் பேசிய பிறகுதான் விஷயம் புரிந்தது. யாருக்கும் சோம்பல் இல்லை, பயம். உள்ளே போய் ஒரு செடியைப் பிடுங்கினாலும் "அனுபவத்தில் வைத்திருக்கிறான்" என்று அடுத்தவர் நீதிமன்றத்தில் சொல்லிவிடுவாரோ என்ற பயம். அபராதத்தை இரட்டிப்பாக்கியிருந்தாலும் இந்தப் பயம் போயிருக்காது.

மேலதிகாரியிடம் கேட்டுக்கொண்டு, மூவர் பெயருக்கும் தனித்தனி நோட்டீஸ் எழுதினேன். இடத்தைச் சுத்தம் செய்வதால் யாருக்கும் சொத்தில் புதிய உரிமை வராது, இருக்கும் உரிமை குறையவும் செய்யாது என்று கடைசியில் ஒரு வரி சேர்த்தேன். மறு ஆய்வுக்கு நாளும் நேரமும் குறித்து, அன்று நான் அங்கே இருப்பேன் என்றும் எழுதினேன்.

இந்த மறு ஆய்வைத்தான் அலுவலகங்கள் எளிதாகக் கைவிடுகின்றன. நோட்டீஸ் அனுப்பியதும் கோப்பில் "நடவடிக்கை எடுக்கப்பட்டது" என்று எழுதிவிடலாம். புகார் எண்ணிக்கையும் குறைந்துவிடும். ஆனால் சொன்ன தேதியில் ஆய்வாளர் வரவில்லை என்றால், அந்தத் தெருவுக்கு அடுத்து அனுப்பும் நோட்டீஸை யாரும் பிரித்துக்கூடப் பார்ப்பதில்லை. வர முடியாத நாளை நான் எழுதுவதே இல்லை.

சொன்ன நேரத்துக்குப் போனேன். தங்கைதான் சாவியோடு முதலில் நின்றிருந்தார். சற்று நேரத்தில் மூத்தவரும், பிறகு இளையவரும் வந்தார்கள். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை. மூத்தவர் அரிவாளால் புதரை வெட்டத் தொடங்கினார். கொஞ்ச நேரம் சும்மா நின்ற இளையவர், வெட்டியதை வாரி வெளியே போட ஆரம்பித்தார். பீங்கான் தொட்டியைக் கவிழ்க்க இரண்டு பேர் வேண்டியிருந்தது. அப்போதுதான் முதல் முறையாகப் பேசினார்கள்: "அந்தப் பக்கம் பிடி."

இடம் சுத்தமான பிறகும் நான் விடவில்லை. குப்பை கிடக்கும் இடத்தில் மக்கள் மேலும் குப்பை போடுகிறார்கள், சுத்தமான இடத்தில் தயங்குகிறார்கள் என்பதை உளவியலாளர் ராபர்ட் சியால்டினியும் அவருடைய சகாக்களும் சோதனைகள் செய்து 1990இல் வெளியிட்டார்கள். அதை நான் அந்த மதிலடியில் கண்ணால் பார்த்தேன். மூன்றாம் நாள் காலையில் ஒரே ஒரு பை விழுந்திருந்தது. துப்புரவுப் பணியாளர் அம்மா அதை உடனே எடுத்தார். அடுத்த நாளும் ஒன்று, அதையும் எடுத்தார். அந்த வாரம் முழுவதும் விடியற்காலையில் இருவரும் அங்கே போனோம். எட்டாம் நாள் மதிலடியில் எதுவும் இல்லை. பதிவேட்டில் அதைக் குறித்துவிட்டு, ஒரு மாதம் கழித்து இன்னொரு தேதியையும் எழுதி வைத்தேன்.