அப்பத்தாவின் தண்டட்டியும் என் நர்சிங் படிப்பும்

2021-ல் நான் பிளஸ் டூ முடித்தபோது எங்கள் வீட்டுச் சேமிப்பு மொத்தமே 11,000 ரூபாய். அப்பா உசிலம்பட்டிப் பக்கம் கொத்தனார் வேலை பார்க்கிறார், அம்மா பூக்கட்டி விற்கிறார். பி.எஸ்சி. நர்சிங் என்றதும் அப்பா "நாலு வருஷமா?" என்று மட்டும் கேட்டார்.

மதுரை மருத்துவக் கல்லூரியிலேயே நர்சிங் கல்லூரி உண்டு. அங்கே இடம் கிடைத்திருந்தால் இந்தக் கதையே இல்லை. தேர்வே எழுதாமல் மார்க் வந்த கொரோனா வருஷம் அது. கட்-ஆஃப் எங்கோ போய்விட்டது. கலந்தாய்வில் ஒரு தனியார் கல்லூரியில் அரசு ஒதுக்கீட்டு இடம்தான் கிடைத்தது. அதற்குள் வேறு கல்லூரிகளிலிருந்து போன் மேல் போன். "கலந்தாய்வெல்லாம் லேட்டாகும்மா, நேரா வந்து சேர்ந்துருங்க." நல்லவேளை, போகவில்லை. மேனேஜ்மென்ட் கோட்டாவில் சேர்ந்தால் முதல் பட்டதாரி சலுகை கிடையாது, வங்கியும் கூடுதலாகக் குடையும்.

முதல் பட்டதாரிச் சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் 60 ரூபாய்தான். ஆனால் தாத்தா, அப்பத்தா வரை யார் என்ன படித்தார்கள் என்று சொல்ல வேண்டும். ரேகை வைக்கும் அப்பத்தாவிடம் கேட்டால், "பள்ளிக்கூடத்துக்குச் சாணி மெழுகப் போயிருக்கேன், அதை எழுதிக்க" என்றது.

அடுத்தது கல்விக்கடன். வித்யாலட்சுமி என்ற அரசின் கல்விக்கடன் இணையதளத்தில் அப்போது ஒரே விண்ணப்பத்தை மூன்று வங்கிகளுக்கு அனுப்ப முடிந்தது. ஆனாலும் கடைசியில் வீட்டுக்குப் பக்கத்துக் கிளைக்குத்தான் தள்ளிவிட்டார்கள். அங்கே மேனேஜர் கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு, "அப்பாவுக்கு சிபில் சரியில்லையேம்மா" என்றார். வாங்கிய கடனை ஒழுங்காகக் கட்டியிருக்கிறோமா என்று காட்டும் மதிப்பெண்தான் சிபில். அப்பா முகம் செத்துவிட்டது. கூட வேலை பார்த்தவருக்காகத் தன் பெயரில் பைக் கடன் எடுத்துக் கொடுத்திருக்கிறார். அந்த ஆள் நாலு தவணை கட்டவில்லை. எங்கள் யாருக்கும் தெரியாது. அன்று பஸ்ஸில் அப்பா என் பக்கத்தில் உட்காரவே இல்லை.

மதுரையில் கல்விக்கடன் முகாம் நடக்கிறது என்று கேள்விப்பட்டுப் போனேன். ஒரு மேஜையில் ஓய்வுபெற்ற வங்கிக்காரர் ஒருவர் என் காகிதங்களைப் புரட்டிவிட்டு இரண்டே விஷயம் சொன்னார். "அப்பாவை விடு, அம்மாவைச் சேர்த்துப் போடு. மறுத்தாங்கன்னா காரணத்தை எழுத்துல குடுங்கன்னு கேளு." அம்மா வாங்கிய ஒரே கடன் மகளிர் குழுக் கடன். தவணை தவறினால் குழுவில் மானம் போய்விடும் என்று பூ விற்காத நாளிலும் கைமாற்று வாங்கிக் கட்டியவர். அம்மாவைச் சேர்த்துப் போட்ட விண்ணப்பத்தையும் அதே மேனேஜர்தான் பார்த்தார். இந்த முறை வாங்கி வைத்துக்கொண்டார். 4 லட்சத்துக்குள் இருந்தால் சொத்து ஜாமீன் வேண்டாம், ஆள் ஜாமீனும் வேண்டாம். நாங்கள் கேட்டது 3.6 லட்சம்.

கடன் கைகூட இரண்டு மாதம் ஆனது. கல்லூரியோ ஒரு வாரத்தில் கட்டச் சொன்னது. யாரும் முன்கூட்டிச் சொல்லாத இடைவெளி இதுதான். அப்பத்தா ஒன்றும் பேசாமல் காதிலிருந்து தண்டட்டியைக் கழற்றித் தந்தது. கூட்டுறவு வங்கியில் நகை மதிப்பீட்டாளர் அதைத் தராசில் வைத்து, "உள்ளே அரக்கு இருக்கும்மா" என்று எடையைக் கழித்தார். பார்க்கக் கனமாய் இருந்தாலும் தகடு தங்கம்தானே. 58,000 கிடைத்தது. அப்பத்தா கூடவே நின்று, தொங்கிப்போன காதைத் தடவிக்கொண்டே இருந்தது.

கல்விக்கடன் பணம் நேரே கல்லூரிக் கணக்குக்குப் போய்விடும், நம் கைக்கு வராது. அதனால் அதை வைத்து நகையை மீட்க முடியவில்லை. மீட்கக் கைகொடுத்தது உதவித்தொகைதான். குடும்ப வருமானம் 2.5 லட்சத்துக்குள் இருந்ததால் நலத்துறை உதவித்தொகைக்குப் போட்டிருந்தேன். ஆறிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளி என்பதால் 2022-ல் தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாயும் உண்டு. தோழிகளுக்கெல்லாம் வருகிறது, எனக்கு மட்டும் வரவில்லை. ஏழு மாதம் கழித்துத்தான் தெரிந்தது, என் ஆதார் பள்ளியில் படிக்கும்போது தொடங்கிய பழைய கணக்கோடு இணைந்திருக்கிறது என்று. பாஸ்புக்கில் என்ட்ரி போட்டால் 7,000 ரூபாய் வரிசையாக நிற்கிறது. வங்கி வாசலிலேயே சிரித்துவிட்டேன். மூன்றாம் வருஷம் தண்டட்டி வீட்டுக்கு வந்தது.

இன்னொன்று. குடும்ப வருமானம் 4.5 லட்சத்துக்குள் இருந்தால் படிக்கும் காலத்துக்கும் அடுத்த ஒரு வருஷத்துக்கும் உள்ள வட்டியை மத்திய அரசு ஏற்கும் திட்டம் ஒன்று இருக்கிறது. தாசில்தார் வருமானச் சான்றிதழைக் கொடுத்தால் மட்டும் போதாது. என் பெயரை முதல் வருஷம் வங்கிக் கிளையில் அந்தத் திட்டத்தில் ஏற்றவே இல்லை. நாலு தடவை நடந்த பிறகுதான் ஏறியது.

இப்போது படிப்பு முடிந்துவிட்டது, தவணை தொடங்க இன்னும் சில மாதம் இருக்கிறது. நகல்கள், ரசீதுகள், ஆறு போட்டோ என எல்லாம் வைத்திருந்த மஞ்சப்பை எதிர்வீட்டுப் பெண்ணிடம் போயிருக்கிறது. பிளஸ் டூ படிக்கிறாள். அவள் அப்பாவின் சிபிலை நேற்றே பார்க்கச் சொல்லிவிட்டேன்.