பழைய இரும்பை உலையில் வைக்கும் முன்: செய்முறைத் தேர்வில் நான் தவறிய இடம்

ஐ.டி.ஐ. செய்முறைத் தேர்வில், எண் மட்டும் பொறித்த ஐந்து துண்டுகளைக் கொடுத்து, எவற்றை உளியாக அடிக்கலாம் என்று கேட்டார்கள். நான்கைச் சரியாகச் சொன்னேன். ஐந்தாவது துண்டு சாணைச் சக்கரத்தில் பட்டதும், சக்கரத்தை ஒட்டியே அடர்த்தியாகப் பொறிகள் கிளைத்து நட்சத்திரமாக வெடிக்கவே, அதிகக் கரி (கார்பன்) உள்ள, உளிக்கு ஏற்ற எஃகு என்று யோசிக்காமல் எழுதிவிட்டேன். உண்மையில் அது, மேல்தோலுக்கு மட்டும் கரி ஏற்றிக் கடினமாக்கிய ஓர் இயந்திரப் பின். இன்னும் சற்று ஆழமாகத் தேய்த்திருந்தால், மெல்லிரும்புக்கு உரிய நீண்ட, கிளை குறைந்த கோடுகளை உள்ளே பார்த்திருப்பேன்.

பொறிச் சோதனையை நினைவை நம்பிச் செய்யாதீர்கள். கரி அதிகமுள்ள தேய்ந்த அரம் ஒன்றையும் கரி குறைந்த சாதாரண ஆணி ஒன்றையும் பக்கத்தில் வைத்து, ஒரே அழுத்தத்தில் மாற்றி மாற்றித் தேய்த்து ஒப்பிடுவதே நம்பத்தக்கது.

முடிவைச் சொல்லும் சோதனை உடைத்துப் பார்ப்பதுதான். அதே இரும்பிலிருந்து விரல் நீள மெல்லிய துண்டை வெட்டி, காந்தம் ஒட்டாத நிலை வரை, அதாவது ஏறத்தாழ 770 டிகிரி செல்சியஸையும் சற்றுத் தாண்டிக் காய்ச்சி, தண்ணீரில் தோய்ச்சல் கொடுங்கள், அதாவது சட்டென்று முக்கிக் குளிரவையுங்கள். புது அரம் பற்றாமல் வழுக்கினால் கடினமேறியிருக்கிறது என்று பொருள். பிறகு பாதுகாப்புக் கண்ணாடி அணிந்து, துண்டைத் துணியால் சுற்றி வைஸில் இறுக்கிச் சுத்தியலால் அடியுங்கள். வளைந்தால் கரி போதாது. பட்டென்று உடைந்து, முறிவு மங்கிய சாம்பல் நிறத்தில் பட்டுப்போல நுண்மையாகத் தெரிந்தால் உளிக்கு ஆகும். சர்க்கரை போலப் பருமணி தெரிந்தால், இரும்பைக் குறை சொல்லாதீர்கள். பெரும்பாலும் நாம்தான் அதிகமாகக் காய்ச்சியிருப்போம்.

காயலான் கடையில் எளிதாகக் கிடைக்கும் லாரி ஸ்பிரிங் பட்டையில் பொதுவாக 0.5 முதல் 0.6 சதவீதம் கரி இருக்கும். அதில் செய்த பொருளைத் தண்ணீரில் தோய்த்தால் விரிசல் விடக்கூடும் என்பதால், இன்னொரு துண்டை எண்ணெயிலும் தோய்த்துப் பாருங்கள். பல ஆண்டுகள் பாரம் சுமந்த பட்டையில் கண்ணுக்குத் தெரியாத கீறல்கள் இருக்கலாம். துரு நீக்கித் தேய்த்துப் பார்த்து, சந்தேகமான பகுதியை வெட்டி எறிந்துவிடுங்கள். டி.எம்.டி. கம்பியை உளிக்கு எடுக்கவே வேண்டாம். அதன் வலிமை பெரிதும் ஆலையில் நீர் பாய்ச்சிக் கடினமாக்கிய மேலடுக்கிலிருந்து வருவது, உலையில் காய்ச்சியதும் அது போய்விடும்.

துத்தநாகம் பூசிய இரும்பையும் உலைக்குள் விடாதீர்கள். அந்தப் புகை காய்ச்சலில் கொண்டுபோய் விடும். சோதித்து முடித்த பட்டையின் மீதித் துண்டில், எதில் தோய்த்தேன், என்ன ஆயிற்று என்பதைப் பெயின்டால் எழுதி வைப்பது இப்போது என் வழக்கம்.