தவணைக்கு வருகிற பெண்கள்

2024 நவம்பர் 28, வியாழன்

மழை விடவில்லை. உயர்தரப் பரீட்சையையே நிறுத்தி வைத்துவிட்டார்கள். கிண்ணியா, மூதூர்ப் பக்கம் வயல்களெல்லாம் வெள்ளத்துக்குள். திருகோணமலையில் நாங்கள் இருக்கும் உவர்மலை மேடு என்பதால் எங்களுக்குத் தண்ணீர்ப் பயமில்லை, காற்றுத்தான்.

இப்படிப் பெய்தால் எனக்குத் தாபரிப்பு வழக்குக்கு, அதாவது ஜீவனாம்சம் கேட்டு வரும் பெண்களின் நினைவுதான் வரும். நான் திருகோணமலையில் சட்டத்தரணியாக இருந்த காலத்தில் கிண்ணியாவுக்குப் பாலம் இல்லை, 2009இல்தான் திறந்தார்கள். அதுவரை பாதை என்று நாங்கள் சொல்லும் மிதவை அக்கரையிலிருந்து திரும்பும்வரை துறையடியில் நிற்க வேண்டும். மூதூர்க்காரருக்கு லாஞ்சி. கைக்குழந்தையோடு நனைந்து வந்து சேர்ந்தால், எதிராளி வரவில்லை, அடுத்த தவணை. அன்றைய கூலியும் போச்சு. பிறகு நீதிபதியாக எந்த ஊரில் இருந்தாலும், "எங்கயிருந்து வாறீங்கள், என்ன பஸ்?" என்று கேட்டுவிட்டுத்தான் திகதி கொடுப்பேன்.

2024 டிசம்பர் 2, திங்கள்

முர்து பெர்னாண்டோ இன்று இலங்கையின் பிரதம நீதியரசராகச் சத்தியப்பிரமாணம் செய்திருக்கிறார். அந்தப் பதவிக்கு வந்த இரண்டாவது பெண். முதலாமவர் ஷிராணி பண்டாரநாயக்க. 1996இல் நாட்டின் அதியுயர் நீதிமன்றமான உயர் நீதிமன்றத்துக்கு நீதியரசராக வந்த முதல் பெண்ணும் அவர்தான், 2011இல் பிரதம நீதியரசரானார். செய்தி பார்த்ததும் மனம் நிறைந்துவிட்டது. ஒருவர் பல்கலைக்கழகத்திலிருந்து வந்தவர், மற்றவர் சட்டமா அதிபர் திணைக்களத்திலிருந்து. நீதவானாகத் தொடங்கி, மாவட்ட நீதிமன்றம், மேல் நீதிமன்றம் என்று படிப்படியாக ஏறிய ஒரு பெண்ணும் அந்தக் கதிரையில் இருக்க வேண்டும். அதையும் பார்த்துவிட ஆசை.

இரவு அக்காவின் மகள் எடுத்தாள். என் பெறாமகள், அவளும் சட்டத்தரணி. நீதிபதியாவதற்கு நீதிச்சேவைப் பரீட்சைக்குப் படிக்கிறாள். "சின்னம்மா, உண்மையைச் சொல்லுங்கோ, அந்த வேலை எப்பிடி?" என்றாள்.

சொன்னேன். நீதிச்சேவை ஆணைக்குழு இடமாற்றம் தந்தால் பெட்டி கட்ட வேண்டும். நடுத்தவணையில் பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் தேட வேண்டும். வேலை செய்யும் ஊரில் ஒரு கலியாண வீட்டுக்குப் போவதென்றாலும் யோசனைதான், பக்கத்துக் கதிரையில் இருப்பவர் நாளைக்கு வழக்காளியாக வரலாம். உள்ளூரில் சிநேகிதம் என்று ஒன்றும் மிஞ்சாது. அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "பரவாயில்லை, எழுதுறன்" என்றாள். சந்தோசம்.

2024 டிசம்பர் 5, வியாழன்

தாயும் தகப்பனும் பிரிந்தால் பிள்ளையை யாரிடம் விடுவது என்று எப்படித் தீர்மானிப்பீர்கள் என்று பெறாமகள் கேட்டு எழுதியிருந்தாள். பிள்ளையின் நலனே முதன்மை, அது புத்தகத்தில் இருக்கிறது. அவளுக்கு நான் எழுதியது ஒரு பையனைப் பற்றி.

ஏழு வயதிருக்கும். தாயையும் தகப்பனையும் வெளியே இருக்கச் சொல்லிவிட்டு என் அறைக்குக் கூப்பிட்டேன். கறுப்பு அங்கியைக் கழற்றிவிட்டு, மேசைக்கு இந்தப் பக்கம் வந்து அவனுக்குப் பக்கத்தில் இருந்தேன். காலையில் என்ன சாப்பிட்டாய் என்று கேட்டேன். "அம்மம்மா வீட்ட இடியப்பம். அப்பா வீட்டயும் இடியப்பம்தான்" என்றான். சொதி? "ரெண்டு இடத்தயும் நல்லம்." விளையாட்டு? "ரெண்டு இடத்தயும் பந்து இருக்கு." நான் கேட்காததற்கும் இரண்டு வீட்டையும் சமமாக நிறுத்திப் பதில் சொன்னான். ஒரு சொல் கூடக்குறையச் சொன்னால் ஒருவரை இழந்துவிடுவோம் என்று அந்த வயதிலேயே அவனுக்குத் தெரிந்திருக்கிறது.

யாரோடு இருக்க விருப்பம் என்று அவனிடம் நான் கேட்கவேயில்லை. அந்தப் பாரத்தைப் பிள்ளையின் தலையில் வைக்கக் கூடாது. நன்னடத்தை அலுவலரின் அறிக்கை, பள்ளிக்கூட வரவு, இரண்டு வீட்டிலும் இரவில் யார் கூட இருப்பது, இவற்றை வைத்து நாமே தீர்மானிக்க வேண்டும்.

2024 டிசம்பர் 9, திங்கள்

பின்தெருவில் தையல் தைக்கும் பிள்ளை வந்திருந்தாள். முழங்கைக்கு மேலே கன்றிப்போயிருந்தது. "அன்ரி, காசு வேணும், அடிக்கிறது நிக்க வேணும், பிறகு பிரிஞ்சிட வேணும்."

கேட்டது மூன்றே மூன்று. அதற்கு நான் சொல்ல வேண்டியிருந்த பதிலோ நீளம். தாபரிப்புக்கு 1999ஆம் ஆண்டுச் சட்டம், நீதவான் நீதிமன்றம். அடிக்கு 2005ஆம் ஆண்டு வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம், அதுவும் நீதவான் நீதிமன்றம்தான், ஆனால் வேறு மனு. விவாகரத்துக்கு மாவட்ட நீதிமன்றம். அங்கே இருவரும் மனமொத்துப் பிரிய விரும்பினாலும் போதாது. சோரம் (திருமணத்துக்கு வெளியே உறவு), தீய நோக்கோடு கைவிட்டது, திருமணத்தின்போதே இருந்த தீராத ஆண்மைக்குறைவு, இவற்றில் ஒன்றை ஒருவர்மேல் சாட்டி நிரூபிக்க வேண்டும். பிள்ளைகளுக்காக நாளைக்கும் முகம் பார்த்துப் பேச வேண்டிய இருவரைச் சட்டமே சேறு பூசிக்கொள்ளச் செய்கிறது.

இவளே ஒரு முஸ்லிம் பெண்ணாக இருந்தால் தாபரிப்புக்கும் விவாகரத்துக்கும் முஸ்லிம்களுக்கான காதி நீதிமன்றம். அங்கே சட்டத்தரணியைக் கூட்டிப்போக முடியாது. 1951ஆம் ஆண்டுச் சட்டப்படி பெண் காதியாகவும் முடியாது. காதி விதித்த தாபரிப்பை அவன் கட்டாவிட்டால், அறவிட மறுபடி நீதவானிடம்தான் வர வேண்டும்.

1978ஆம் ஆண்டு நீதித்துறைச் சட்டத்தில் குடும்ப நீதிமன்றம் தனியாகவே இருந்தது. பிறகு அந்த அதிகாரம் மாவட்ட நீதிமன்றத்தோடு சேர்ந்துவிட்டது. பணமும் பாதுகாப்பும் பிரிவும் பிள்ளையும் ஒரே இடத்தில், ஒரே நீதிபதி முன்னால், ஒரே தவணையில் தீர வேண்டும். பிள்ளைகள் இருக்க ஓர் அறையும் வேண்டும். கதிரையில் இருந்தபோது இதை வெளியே பேச முடியாது. இப்போது பேசலாம், பேசுவேன்.

2024 டிசம்பர் 10, செவ்வாய்

அந்தத் தையல்காரப் பிள்ளைக்காகப் பெறாமகள் கட்டணம் வாங்காமல் ஆஜராகச் சம்மதித்துவிட்டாள். முதலில் அடிப்பதைத் தடுக்கும் பாதுகாப்புக் கட்டளைக்குத்தான் மனு, இடைக்காலக் கட்டளை உடனே கேட்கலாம். விவாகரத்து பிறகு. விவாகப் பதிவு, பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், வைத்தியத் துண்டு எல்லாம் எடுத்து வைத்தாயிற்று. அவனுடைய சம்பள விபரம் மட்டும் இன்னும் கிடைக்கவில்லை. நாளை காலை நீதிமன்றப் பதிவாளர் கந்தோருக்கு நானும் கூடப் போகிறேன்.