யாருக்குமே தெரியாம வாரக்கணக்கா நடக்குற நிலநடுக்கம்

நிலநடுக்கம்னா சில நொடி, மிஞ்சிப்போனா சில நிமிஷம் ஆடி அடங்குறதுன்னுதான் நிறைய பேர் நெனைக்கிறாங்க, ஆனா வாரக்கணக்கா நீடிக்கிற வகையும் இருக்கு. 1999ல கனடாவோட வான்கூவர் தீவு பக்கம் தரையோட நகர்வ அளக்குற ஏழு ஜிபிஎஸ் ஸ்டேஷன் வழக்கமான திசைய விட்டுட்டு சில மில்லிமீட்டர் பின்னாடி போச்சு. ஆழத்துல பூமியோட ரெண்டு பெரிய பாறைத் தட்டுகளுக்கு நடுவுல சுமார் 2 சென்டிமீட்டர் வழுக்கல், வேகமா நடந்திருந்தா 6.7 அளவு நிலநடுக்கக் கணக்குக்கு வந்திருக்கும், ஒருத்தருக்கும் உணர்வே இல்ல!

பாறை உடையுறது பாறைக்குள்ள இருக்குற கண்ணுக்குத் தெரியாத கீறல்ல ஆரம்பிக்குது. விரிசலோட முனையிலதான் அழுத்தம் போய் குவியும்னு இங்கிலாந்து இன்ஜினியர் கிரிஃபித் 1920லயே கண்ணாடிய வச்சு காட்டிட்டாரு. லேப்ல ஒரு கிரானைட் உருளைய நசுக்கும்போது மேல சென்சார் ஒட்டி வச்சா, அது உடையுறதுக்கு முன்னாடியே உள்ள டிக் டிக்னு சின்னச் சின்ன சத்தம் பதிவாகும், முதல்ல அங்கொண்ணு இங்கொண்ணு, அப்புறம் போகப்போக ஒரே தளத்துல நெருக்கமா வந்து, கீறல் எல்லாம் ஒண்ணோட ஒண்ணு கைகோத்து, பாறை பிளந்துடும். எனக்கு இந்த விஷயத்துலயே ரொம்ப பிடிச்ச இடம் இதுதான்.

அப்போ ஏன் சிலது மட்டும் மெதுவா போகுது? தண்ணிக்கு இதுல பெரிய பங்கு இருக்குன்னு ஒரு விளக்கம் இருக்கு. பாறை வழுக்கும்போது புதுசா கீறல் திறக்கும், இடைவெளி கூடும், உள்ள இருக்குற தண்ணியோட அழுத்தம் குறையும், உடனே ரெண்டு பக்கமும் இறுகப் பிடிச்சுக்கும். விரிசலே தனக்கு பிரேக் போட்டுக்குற மாதிரி. சுத்தியிருந்து தண்ணி சட்டுனு வந்து நிரம்பிட்டாலோ, பாறை ரொம்ப வறண்டு இருந்தாலோ அந்த பிரேக் வேலை செய்யாது. பிரேக் பிடிச்சா விரிசல் முனை ஒரு நாளைக்கு ஏதோ 10 கிலோமீட்டர் போகும், பிடிக்கலேன்னா நொடிக்கு 2, 3 கிலோமீட்டர்.

மெதுவா போறதால ஆபத்தே இல்லேன்னும் சொல்லிட முடியாது. 2011 ஜப்பான் நிலநடுக்கத்துக்கு முன்னாடி அதே பகுதியில மெதுவான வழுக்கல் நடந்தது பதிவாகியிருக்கு. ஆனா பெரும்பாலானது தானா அடங்கிடும், எது அடங்கும் எது பெருசாகும்னு முன்கூட்டியே பிரிச்சு சொல்ல இன்னும் வழி இல்ல. வான்கூவர் பக்கம் சுமார் 14 மாசத்துக்கு ஒரு தடவை இது திரும்பத் திரும்ப வருது, ஒவ்வொரு தடவையும் அதுக்கு மேல நகராம பூட்டிக்கிட்டு இருக்குற தட்டுப் பகுதி மேல இன்னும் கொஞ்சம் பாரம் ஏறுது, அந்தப் பகுதி கடைசியா பெருசா உடைஞ்சது 1700 ஜனவரியில.