சாச்சா என்றால் மாமா இல்லை

மும்பை அந்தேரியில் உள்ள டப்பிங் ஸ்டுடியோக்களுக்கு இந்தி சீரியல்களைத் தமிழில் எழுதிக் கொடுப்பது பத்தொன்பது வருஷமாக என் தொழில். மாட்டுங்கா ரோட்டில் ரயிலேறி அந்தேரியில் இறங்குவதற்குள் அன்றைய எபிசோடை வாய்க்குள் பேசிப் பார்த்துவிடுவேன். நடிகர் உதடு மூடும் இடத்தில் நமக்கும் ஒரு 'ப'வோ 'ம'வோ விழ வேண்டும். அது தாளில் தெரியாது, வாயில்தான் தெரியும்.

2023இல் முதன்முதலாகச் சாட்ஜிபிடியைத் திறந்தபோது தமிழ் சொட்டுச் சொட்டாக வந்தது. எழுத்தைக்கூட உடைத்துத் துணுக்குகளாகத்தான் அது தமிழைக் கையாண்டது. 2024 மே மாதம் அதன் புது மாடல் ஜிபிடி-4ஓ வந்தபோது, முன்பு 116 டோக்கன், அதாவது துணுக்கு, பிடித்த ஒரு தமிழ் வாசகம் இப்போது 35இல் அடங்குகிறது என்று அதைச் செய்த ஓப்பன்ஏஐ கம்பெனி கணக்குக் காட்டியது. வேகம் கூடியது, தமிழும் திருந்தியது. பழைய மெஷின் தமிழில் பிழை பல்லிளிக்கும். இப்போது வாக்கியம் வழுக்கிக்கொண்டு போகிறது, கண்ணும் கூடவே போய்விடுகிறது.

போன மழைக்காலத்தில் நானும் அப்படித்தான் விட்டேன். இந்தி ஸ்கிரிப்ட் வரவில்லை. சப்டைட்டிலுக்குச் செய்த இங்கிலீஷை ஏஐ மாடலில் போட்டுத் தமிழாக்கி, "கொஞ்சம் பார்த்துக் குடுங்க" என்று அனுப்பியிருந்தார்கள். எழுதுகிற கூலியில் பாதிதான் இதற்கு. ஒற்று, சந்தி எல்லாம் சரியாக இருந்தது. கொடுத்துவிட்டேன்.

நாயகிக்குக் குரல் கொடுக்கும் தாராவிப் பெண் மைக் முன்னால் ஹெட்ஃபோனைக் கழற்றினாள். "அக்கா, இவர மாமாங்கிறேன். அவர் பையன அண்ணாங்கிறேன். மாமா பையன் எப்படிக்கா அண்ணன் ஆவான்? முறைப்பையன் இல்ல?"

இந்தியில் அவர் சாச்சா. சித்தப்பா. சாச்சா, மாமா, மௌசா என்று இந்திக்காரர்களும் பிரித்துத்தான் சொல்கிறார்கள். நடுவில் வந்த இங்கிலீஷ் எல்லோரையும் அங்கிள் ஆக்கிவிட்டது. மாடலைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அடுத்த வீட்டிலிருந்து வர வேண்டியதை ஊரைச் சுற்றி வரவழைத்தது நாம்தான். இந்தி ஸ்கிரிப்ட் இல்லாமல் இப்போதெல்லாம் நான் வேலை வாங்குவதில்லை.

அன்று மாமாவை எல்லாம் சித்தப்பா ஆக்கினோம். ஒரு குளோசப்பில் மட்டும் ஒட்டவில்லை. சாச்சாவில் உதடு மூடாது, சித்தப்பாவில் மூடும். ஐந்தாறு டேக் போனது.

"எங்க வீட்ல சித்தான்னுதான் கூப்பிடுவோம்" என்றாள் அவள்.

சொல்லிப் பார்த்தாள். உதடு அப்படியே பொருந்தியது.